பத்து வாய் கறுப்புப் பெட்டி: பேஸ் பெடல்களுக்கு இது போதுமா?

பேஸ் கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி ஒன்றை ஆன்லைனில் ஏழெட்டுப் பெயர்களில் விற்கிறார்கள். பெயர்தான் வேறு, உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கைக்கு அடக்கமான கறுப்பு அலுமினியப் பெட்டி, பின்பக்கம் வரிசையாக ஒயர் செருகும் பத்து வாய், கூட ஒரு 18 வோல்ட் அடாப்டர், ஒரு கட்டு ஒயர். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'ஐசோலேட்டட்' என்று அச்சிட்டிருக்கும், அதாவது ஒவ்வொரு வாயும் மற்றவற்றோடு மின்தொடர்பு இல்லாமல் தனியே நிற்கிறதாம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறவர்கள், திருவிழாக் கச்சேரிக்குப் போகிறவர்கள் என்று பலரும் முதலில் வாங்கும் பவர் சப்ளை இந்த வகைதான். கேட்கவேண்டிய கேள்வி இரண்டு. அந்த ஒரு சொல் உண்மையா? உண்மையில்லை என்றால் பெட்டி வீணா?

முதல் கேள்விக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பெட்டியைச் சுவர் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். மீட்டரைப் பீப் சத்தம் வரும் கண்டினியூட்டிக்கு மாற்றுங்கள். பெடல்களில் பெரும்பாலும் நடு முள் நெகட்டிவ், வெளி வளையம் பாசிட்டிவ். ஆகவே ஒரு வாயின் நடு முள்ளில் ஒரு குச்சி, அடுத்த வாயின் நடு முள்ளில் இன்னொரு குச்சி. பீப் அடித்தால் இரண்டுக்கும் ஒரே கிரவுண்ட், அதாவது கரண்ட் திரும்பும் பாதை ஒன்றுதான். அது ஐசோலேட்டட் இல்லை, பெட்டிக்குள் அடைத்து வைத்த டெய்சி செயின் (ஒரே ஒயரில் பல பெடல்களைத் தொடுப்பது). நடு முள்ளுக்குக் குச்சி நுழையவில்லை என்றால் ஒயரைச் செருகி, மறுமுனையின் துளைக்குள் ஒரு குண்டூசியை விட்டுத் தொடலாம். பத்து வாயையும் மாற்றி மாற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். இந்த விலையில் வரும் பெட்டிகள் பல இந்தச் சோதனையில் பீப் அடிக்கின்றன.

அதனால் என்ன கெடுதல்? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெடல் இருக்கின்றன என்று வையுங்கள். பெடல்களை இணைக்கும் பேட்ச் கேபிளின் ஷீல்டு (வெளி உறைக் கம்பி) வழியாக இரண்டின் கிரவுண்டும் ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கிறது. பவர் ஒயர் வழியாக இன்னொரு முறை சேர்ந்தால் ஒரு வளையம் உருவாகிவிடும். உள்ளே கம்ப்யூட்டர் சிப் உள்ள டிஜிட்டல் பெடல் இழுக்கும் கரண்ட், தன் பவர் ஒயரில் மட்டும் திரும்பிப் போகாமல், ஒரு பங்கு ஆடியோ ஷீல்டு வழியாகவும் திரும்பும். அந்தச் சின்ன வோல்டேஜ்தான் 'கீ...ச்' என்று காதில் விழுவது. அதற்கு அடுத்து ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) இருந்தால் தொலைந்தது. அது வருவதையெல்லாம் பெருக்கும், பேஸ் வேறு கீச்சு வேறு என்று பார்க்காது. சிப் இல்லாத அனலாக் பெடல் நாலு மட்டும் உள்ள போர்டில் (பெடல்களை ஒட்டிவைக்கும் பலகையில்) இந்தத் தொல்லை அநேகமாக வராது. ஒரே ஒரு டிஜிட்டல் பெடல் சேர்ந்ததும் வந்துவிடும். போனவாரம் வரை நன்றாக இருந்த போர்டு புதுப் பெடல் வாங்கியதும் கத்துவதற்குக் காரணம் இதுதான். புதுப் பெடலில் பழுது இருக்காது.

கீச்சு வேறு, ஹம் வேறு. இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்கப் பார்ப்பதில்தான் பலருடைய பணம் போகிறது. ஹம் என்பது அடிக்குரலில் வரும் 'உர்ர்ர்'. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். இதனால் ஜி ஸ்கேலில் பாடல் ஓடும்போது ஹம் ஸ்வரத்துக்குள் ஒளிந்துகொள்ளும். நீட்டிப் பிடித்தால் மட்டும் நொடிக்கு ஒருமுறை சத்தம் அலைபோல ஏறி இறங்குவது தெரியும். அடுத்த பாட்டு ஏ ஸ்கேல் என்றால் அடி ஸ்வரம் 55 ஹெர்ட்ஸ், ஹம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். 'ஒரு பாட்டுக்கு நல்லாருக்கு, அடுத்த பாட்டுக்கு இரையுது' என்று சொல்கிறவருக்குக் காதில் கோளாறு இல்லை. அதோடு பேஸ் ஆம்ப்பும் சப் ஊஃபரும் அந்த இடத்தில்தான் பலமாக வேலை செய்கின்றன. லீட் கிட்டார்காரர் கண்டுகொள்ளாத ஹம் பேஸ் வாசிப்பவருக்குப் பெரும் பாடு ஆவது இதனால்தான்.

இந்த ஹம்முக்குப் பவர் சப்ளை காரணமாக இருப்பது பாதி நேரம்தான். மீதி நேரம் ஆம்ப் ஒரு பிளக்கிலும், மிக்ஸர் நூறடி தள்ளி இன்னொரு பிளக்கிலும் எர்த் எடுத்து, இடையில் டிஐ பாக்ஸ் (பேஸ் சிக்னலை மிக்ஸருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) வழியாகப் போகும் கேபிள் இரண்டையும் இணைப்பதால் வருகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பவர் சப்ளையும் இதைத் தீர்க்காது. டிஐ பாக்ஸில் கேபிளின் கிரவுண்டைத் துண்டிக்க இருக்கும் கிரவுண்ட் லிப்ட் சுவிட்சைத் தட்டினால் போதும். சில மேடைகளில் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றிவிட்டு 'இப்ப ஹம் போச்சு பாத்தீங்களா' என்பார்கள். ஹம் போகும், கூடவே பாதுகாப்பும் போகும். இரண்டு மழைக்காலமும் வந்துபோகிற மாவட்டத்தில், பந்தலுக்குக் கீழே ஈரத் தரையில் நின்று வாசிக்கிறவர் அதைச் செய்யவே கூடாது.

இதோடு ஒட்டிய இன்னொரு சங்கதி. நம் சர்ச்சுகளில் செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு வாசிப்பவர்கள் பலர். கம்பியில் விரல் வைத்தால் எறும்பு ஊருவதுபோல ஓர் அதிர்வு, மைக்கில் உதடு பட்டால் ஒரு சுருக். இந்தப் பெட்டியோடு வரும் அடாப்டர் இரண்டு முள் ரகம், எர்த்தே கிடையாது. உள்ளே நாய்ஸைக் குறைக்கப் போட்டிருக்கும் சின்னக் கெப்பாசிட்டர் வழியாகக் கொஞ்சம் கசிவு வரும். சங்கிலியில் எங்காவது ஓரிடத்தில், வழக்கமாக ஆம்ப்பில், ஒழுங்கான எர்த் இருந்தால் அந்த ஊரல் நின்றுவிடும். ஊரல் இல்லாமல் உதறும் அளவுக்கு அடித்தால் அது இந்தப் பெட்டியின் சமாச்சாரமே இல்லை. வாசிப்பதை நிறுத்திவிட்டு வயரிங் பார்க்க ஆள் கூப்பிட வேண்டும்.

இனி, பெட்டியில் எழுதியிருக்கும் எண்களைப் பார்ப்போம். வழக்கமான அமைப்பு இது: 9 வோல்ட் 100 மில்லி ஆம்பியர் வாய்கள் ஏழு, 9 வோல்ட் 500 மில்லி ஆம்பியர் ஒன்று, 12 வோல்ட் 100 ஒன்று, 18 வோல்ட் 100 ஒன்று. கூட்டிப் பாருங்கள், 1400 மில்லி ஆம்பியர் வருகிறது. கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் 18 வோல்ட் 1 ஆம்பியர் என்று இருக்கும். உள்ளே இருப்பது, மிச்ச வோல்டேஜைச் சூடாக்கி இறக்கும் சாதாரண லீனியர் ரெகுலேட்டர் என்றால், வெளியே எவ்வளவு ஆம்பியர் போகிறதோ அவ்வளவும் உள்ளே வந்தாக வேண்டும். ஆகவே பத்து வாயையும் முழு அளவுக்குப் பயன்படுத்தும் பேச்சே இல்லை. சூட்டையும் கணக்கில் எடுங்கள். 18 வோல்ட்டை 9 ஆக இறக்கும்போது 500 மில்லி ஆம்பியர் வாயில் மட்டும் 4.5 வாட் சூடாகப் போகிறது. கை வைக்க முடியாமல் பெட்டி கொதிப்பது இதனால்தான். போர்டுக்கு அடியில் வெல்க்ரோ போட்டு இறுக்கி ஒட்டினால் காற்றோட்டம் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்து ரெகுலேட்டர் தன்னைக் காத்துக்கொள்ளக் கட் ஆகி, சூடு ஆறியதும் திரும்ப உயிர் பெறும். பாட்டு நடுவில் பெடல் செத்து, அடுத்த பாட்டில் பிழைத்துக்கொண்டால் பேட்ச் கேபிளைத் திட்டுவதற்கு முன் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள்.

அதற்காகப் பயப்படவும் வேண்டாம், ஏனென்றால் அனலாக் பெடல்கள் இழுப்பது கொஞ்சம்தான். ஓவர்டிரைவ், கம்ப்ரஸர், கோரஸ் எல்லாம் பெரும்பாலும் பத்திலிருந்து முப்பது மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். பாஸ் கம்பெனியின் டியூ-3 ட்யூனரில் விளக்கைப் பிரகாசமாக வைத்தால் 85 வரை போகும். ஜூம் பி1 ஃபோர் மாதிரி மல்டி எஃபெக்ட்டுக்கு (பல பெடல்களின் வேலையை ஒன்றே செய்யும் டிஜிட்டல் பெடல்) அதன் கம்பெனி சொல்லும் அடாப்டர் 9 வோல்ட் 500 மில்லி ஆம்பியர். அதை 100 வாயில் செருகிவிட்டு 'ஆன் ஆகிறது, ஆனால் தானே ரீஸ்டார்ட் ஆகிறது' என்று கேட்பவர்கள் நிறைய. '500 வாயில் சின்னப் பெடலைச் செருகினால் எரிந்துபோகுமா' என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. போகாது. பெடல் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். வோல்டேஜும் முனையும்தான் பொருந்த வேண்டும், ஆம்பியர் தேவைக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் சரி.

எரிக்கக்கூடியது 18 வோல்ட் வாய்தான். 9 வாயும் 18 வாயும் ஒரே அளவு, ஒரே ஒயர், பக்கத்துப் பக்கத்தில். இருட்டு மேடையில் கை மாறினால் 9 வோல்ட் பெடல் போய்விடும். இது வடிவமைப்பிலேயே உள்ள குறை. வாங்கியவுடன் அந்த வாயைச் சிவப்பு இன்சுலேஷன் டேப்பால் மூடிவிடுவது நல்லது. 18 ஏற்கும் பெடலுக்கு அது பேஸில் உண்மையாகவே உதவும். கட்டைவிரலால் கம்பியை ஓங்கி அடிக்கும் ஸ்லாப் நொறுங்காமல் வெளியே வரும். ஆனால் பெடலின் அடியில் 18 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் மட்டும்.

இந்தப் பெட்டிக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் ஸ்விட்சிங் ரகம். குருசடித் திருவிழாவோ கோயில் கொடையோ, சீரியல் லைட் எல்லாம் எரியத் தொடங்கியதும் வோல்டேஜ் இறங்கினாலும் இது அசையாது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் என்றால் அந்த நேரத்தில் ரெகுலேட்டருக்குப் போதாமல் ஹம் கிளம்பும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் வூடூ லேப் பெடல் பவர் 2 பிளஸ் போன்ற டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிகள் நிஜமாகவே ஐசோலேட்டட், சத்தமும் சுத்தம். ஆனால் அந்த ஊர்ப் பதிப்பு 120 வோல்ட்டுக்கானது. நம் 230-ல் நேராகச் செருகினால் அன்றோடு சரி. வளைகுடாவிலிருந்து வருவதில் வோல்டேஜ் சிக்கல் அநேகமாக இருக்காது, சதுர முள்தான் தொல்லை. கன்வெர்ட்டர் பிளக் ஆடி ஆடித் தொடர்பு விடும், ஒயரை வெட்டி நம் பிளக் போட்டுவிடுவதே மேல்.

கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த இடைவெளியில் அனலாக் பெடல்கள் உடனே திரும்பிவிடும், மல்டி எஃபெக்ட் மறுபடி பூட் ஆகிக்கொண்டிருக்கும். ஜூம் பி1 ஃபோருக்கு இங்கே சுலபமான வழி உண்டு. நாலு டபுள் ஏ பேட்டரியில் ஓடும், மைக்ரோ யுஎஸ்பி வழியாகப் பவர் பேங்கிலும் ஓடும். பவர் பேங்க் மற்ற எதோடும் கிரவுண்ட் சேராததால் கீச்சும் அதோடு தீர்ந்தது. டிசம்பரில் வேனில் வீடு வீடாகப் போகும் கேரலுக்கு இதைவிடத் தோதான அமைப்பு கிடையாது. 5 வோல்ட்டை 9 ஆக்கும் கேபிளை வைத்து அனலாக் பெடல்களையும் பவர் பேங்கில் ஓட்டலாம். 10,000 மில்லி ஆம்பியர் ஹவர் பேங்க் என்பது ஏறக்குறைய 37 வாட் ஹவர். 9 வோல்ட்டில் 200 மில்லி ஆம்பியர் இழுக்கும் போர்டுக்கு இழப்பு போகப் பதினைந்து மணி நேரம் வரும். ஒரு கண்ணி உண்டு: வெறும் 20, 30 மில்லி ஆம்பியர் மட்டும் இழுத்தால், போன் சார்ஜ் ஆகி முடிந்துவிட்டது என்று நினைத்துப் பல பேங்குகள் தானே அணைந்துவிடும்.

சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் போன்ற டிஐ பெடல் மட்டும் வைத்திருப்பவருக்குப் பெட்டியே தேவையில்லை, மிக்ஸர் மைக் கேபிள் வழியாகவே அனுப்பும் 48 வோல்ட் பாண்டம் பவரிலேயே ஓடும். பாண்டம் கரண்ட் கேபிளின் முதல் முள் வழியாகத்தான் திரும்புகிறது, அதனால் கிரவுண்ட் லிப்டைத் தட்டினால் பெடல் அணைந்துபோகும். அதைப் பழுது என்று எண்ணிவிட வேண்டாம்.

அப்படியானால் பெட்டியை வாங்கலாமா? அனலாக் பெடல் மூன்று நாலு மட்டும் என்றால் வேண்டாம். 1700 மில்லி ஆம்பியர் கொடுக்கும் ட்ரூடோன் ஒன் ஸ்பாட் போன்ற ஒற்றை அடாப்டரும் டெய்சி செயினும் அதே வேலையை, இதைவிடக் குறைந்த இடத்தில் செய்யும். அனலாக் நாலைந்தும் டிஜிட்டல் ஒன்றும் என்றால் வாங்கலாம். அனலாக் எல்லாவற்றையும் பெட்டியில் கொடுத்து, டிஜிட்டலை மட்டும் அதன் சொந்த அடாப்டரிலோ பவர் பேங்கிலோ தனியே விடுங்கள். இருப்பதிலேயே மலிவான ஐசோலேஷன் அதுதான். டிஜிட்டல் இரண்டு மூன்று என்று ஆகிவிட்டால் இதில் காசு போடுவது தண்டம். ஐந்து வாயும் தனித்தனி 500 மில்லி ஆம்பியர் தரும் ஸ்ட்ரைமன் ஓஹாய், ஏழு வாயும் 9 வோல்ட்டில் 660 தரும் சியாக்ஸ் டிசி7 என்ற வரிசைக்குப் போய்விடுவது நல்லது. விலை பல மடங்கு, ஆனால் அடுத்த போர்டுக்கும் அதுவே வரும்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. உப்புக்காற்றில் இந்தப் பெட்டியின் முள்களில் பச்சை படிகிறது, முலாம் மெல்லிசு. தொடர்பு விட்டு விட்டு வரும், 'சர்ர்' என்று சத்தம் கேட்கும். செல்போன் ரிப்பேர் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துடைத்தால் போதும். எண்ணெய் எதுவும் விடாதீர்கள், தூசியைப் பிடித்து வைக்கும்.

பார்சல் வந்த அன்றே மீட்டர் சோதனையை முடித்துவிடுங்கள். வோல்டேஜையும் பாருங்கள். கறுப்புக் குச்சி நடு முள்ளில், சிவப்பு வெளியில் வைத்தால் மைனஸ் குறி இல்லாமல் 9-ஐ ஒட்டி வர வேண்டும். பீப் அடித்தால், 'ஐசோலேட்டட்' அச்சும் மீட்டரும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம் எடுத்து, ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.