திருகோணமலை வெயிலில் ஸ்ட்ரோபெரி: சில வருட அனுபவம்

உப்புவெளியில் வீட்டு வளவில் சில வருடங்களாக ஸ்ட்ரோபெரி வளர்த்து வருகிறேன். எங்கள் ஊரில் இது வருமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பழம் கிடைக்கும், ஆனால் வருடத்தில் ஒரு பருவத்துக்கு மட்டும், அதுவும் அந்த வருடம் மலைநாட்டிலிருந்து இறக்கிய கன்றில். ஒருதரம் நட்டால் வருடக்கணக்கில் காய்த்துக்கொண்டே இருக்கும் என்று நம்பி வாங்கினால் மனம் கசந்துபோகும். பருவச் செடி என்று எண்ணி வளர்த்தால் இதைப்போல ஆசையாகப் பார்த்துப் பார்த்து வளர்க்கக்கூடிய செடி எனக்கு வேறு இல்லை.

காரணம் வெயில் மட்டும் என்று நினைக்கிறார்கள். அதைவிட இரவு வெப்பம்தான் பெரிய காரணம். ஸ்ட்ரோபெரியின் பூமொட்டு நம் கண்ணுக்குத் தெரிவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, இலைகள் எல்லாம் வந்து சேரும் அந்தத் தடித்த அடிப்பகுதிக்குள், அதாவது கிரவுனுக்குள் உருவாகிவிடும், அப்படி உருவாகக் குளிர்ச்சி வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கே வருடம் முழுக்க இரவு குளிர்தான். இங்கே மார்கழி, தை மாத இரவிலும் 24 பாகை அளவில்தான் நிற்கும், வைகாசி, ஆனியில் பகல் வெப்பம் 34 பாகைக்குப் போய்விடும். 30 பாகைக்கு மேலே போனாலே இந்தச் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே நாம் தை, மாசியில் பார்க்கிற பூ பெரும்பாலும் மலையில் இருக்கும்போதே கன்றுக்குள் உருவான பூ. இது புரிந்த பிறகுதான் எந்தக் கன்றை எப்போது வாங்குவது என்பது எனக்குத் தெளிவானது.

இனத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். கமரோசா, பெஸ்டிவல் போன்றவை பகல் குறுகும் காலத்தில் மொட்டு வைப்பவை, அல்பியன், சான் அன்ட்ரியாஸ் போன்றவை பகலின் நீளத்தைப் பெரிதாகப் பார்க்காதவை. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இது பெரிய வித்தியாசம். நமக்கு வருடம் முழுவதும் பகல் 12 மணித்தியாலத்தைச் சுற்றியே இருக்கிறது, அதனால் இங்கே தீர்மானிப்பது பகல் நீளம் அல்ல, வெப்பம்தான். கன்று விற்கிற இடங்களில் இனத்தின் பெயர் எழுதியிருப்பதும் அபூர்வம். பெயருக்காக அலையாமல் கன்றைப் பாருங்கள் என்பேன்.

கன்றில் பார்க்க வேண்டியது முதலில் கிரவுன். சுண்டுவிரல் பருமனாவது இருக்க வேண்டும், அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். அது கறுத்து, நீண்டு, கட்டைபோல இருந்தால் பழைய செடியைப் பிரித்துத் தந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஓடுதண்டிலிருந்து, அதாவது தாய்ச்செடி பக்கவாட்டில் விட்டு நுனியில் குட்டி போடும் நீண்ட தண்டிலிருந்து எடுத்த இளம் கன்றாகக் கேளுங்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், மெல்லிய வலையும் பொடிப்பொடியாகப் புள்ளிகளும் தெரிந்தால் சிலந்திப் பேன், அந்தத் தட்டில் உள்ள எதையும் எடுக்க வேண்டாம். மண் ஈரமாக இருந்தும் இலை வாடி நிற்கிறதா, கிரவுன் அழுகத் தொடங்கியிருக்கலாம். சிவந்த பழத்தோடு இருப்பதைத்தான் எல்லோரும் தூக்குவார்கள். நான் எடுப்பது நடுவில் ஓரிரண்டு சிறு மொட்டு மட்டும் எட்டிப் பார்க்கிற கன்றை. பழத்தோடு இருப்பது தன் பலத்தின் ஒரு பங்கை ஏற்கெனவே கொடுத்து முடித்தது, மலையிலிருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தால் மிச்சமும் போய்விடும். விதை வாங்கி வளர்க்க வேண்டாம். கலப்பினப் பழத்தின் விதையிலிருந்து அதே பழம் வராது, நீல நிற ஸ்ட்ரோபெரி விதை என்று இணையத்தில் விற்பது முழுப் பொய்.

அடைமழை ஓய்ந்த பிறகு, தை தொடக்கத்தில் கன்று இறக்குவது நல்லது. கார்த்திகை, மார்கழி மழைக்குள் நட்டால் கிரவுன் அழுகும், நத்தையும் விடாது. நடும்போது கிரவுன் மண் மட்டத்தில் இருக்க வேண்டும், அதை மூடினால் செடி போய்விடும், வேர் வெளியே தெரிந்தால் காய்ந்துவிடும்.

சாடி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கறுப்புப் பிளாஸ்டிக் சாடியும் கறுப்புப் பையும் இந்த ஊருக்கு ஆகாது. வேர் பெரும்பாலும் மேல் 15 சென்ரிமீட்டருக்குள்ளேயே பரவுவதால் சாடி சூடேறினால் செடிக்கு ஒளிய இடமில்லை. மீன் கொண்டுவருகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டிதான் நான் பயன்படுத்தியதில் மிகச் சிறந்தது. உப்புப் போகுமட்டும் பல தரம் கழுவி, அடியில் துளை போட்டு, செங்கல்லின் மேல் தூக்கி வைத்தால் உச்சி வெயிலிலும் உள்ளே மண் குளிர்ந்து இருக்கும். மண்சாடியும் நல்லது, தண்ணீர்தான் கூடுதலாகக் கேட்கும். உள்ளே தும்புத்தூள், நன்றாக மக்கிய கூட்டெரு, கொஞ்சம் ஆற்று மணல். தும்புத்தூளையும் ஊறவைத்துப் பிழிந்து கழுவ வேண்டும், அதிலும் உப்பு இருக்கும். வளவு மணலைப் போடவே கூடாது, கரையோர மணலில் சிப்பித் தூள் கலந்திருப்பதால் அமிலத்தன்மை குறைந்து, நரம்பு பச்சையாக இருக்க இலை மஞ்சளாகும். இந்தச் செடிக்கு மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பீஎச் அளவு 5.5 முதல் 6.5 வரை வேண்டும்.

அப்புறம் தண்ணீர். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் உவர். கத்தரியும் வெண்டியும் தாங்கிக்கொள்ளும் தண்ணீரை ஸ்ட்ரோபெரி தாங்காது, தோட்டப் பயிர்களில் உப்புக்கு மிகவும் பலவீனமானவற்றில் இதுவும் ஒன்று. இலை ஓரம் கருகிக்கொண்டு உள்ளே வந்தால் நோய் மருந்து தேடாமல் முதலில் தண்ணீரை மாற்றுங்கள். மழைக்காலத்தில் பீலியில் பிடித்துவைத்த தண்ணீர் இருக்கும்வரை அதையும், முடிந்ததும் குழாய்த் தண்ணீரை ஓர் இரவு வாளியில் வைத்தும் ஊற்றுகிறேன்.

காலை வெயில் பதினொரு மணி வரை போதும், பிறகு மதில் நிழலோ 50 வீத நிழல் வலையோ வேண்டும். பெட்டியின் மேல் வைக்கோல் பரப்பினால் மண்ணும் குளிரும், பழமும் மண்ணில் படாது. யூரியா பக்கம் போகாதீர்கள், இலைதான் வரும். தேனீ குறைவாக வரும் இடமென்றால் மெல்லிய தூரிகையால் பூவின் நடுவைச் சுற்றித் தடவிவிடுங்கள், இல்லாவிட்டால் பழம் ஒரு பக்கம் சூம்பிப்போகும். அணிலுக்கு வலை கட்டாயம். நகருக்குள் கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் மானுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழம் மலைநாட்டுப் பழத்தைவிடச் சிறியது, சூட்டில் சீக்கிரம் சிவப்பதால் இனிப்பும் கொஞ்சம் குறைவு. ஆனால் வாசனை! கடைப் பெட்டியில் இருப்பதைத் தூரம் கொண்டுபோக வேண்டும் என்று முழுதாகச் சிவக்குமுன் பறிக்கிறார்கள், பறித்த பிறகு இது இனிக்காது. வீட்டில் காம்படி வரை சிவந்ததும் விடியற்காலையில் பறித்து உடனே சாப்பிடலாம், இந்தச் சிரமமெல்லாம் எனக்கு அதற்காகத்தான். செலவுக் கணக்குப் பார்த்தால் கட்டாது, விற்கிற அளவுக்கும் வராது.

பங்குனியோடு பூ குறையும், செடி ஓடுதண்டு விடத் தொடங்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நிழலில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் கொடுத்தால் பாதிக்குமேல் பிழைக்கும், ஆனால் அந்தக் கன்றுகள் அடுத்த தையில் இங்கே காய்ப்பது மிக அரிது, இலை மட்டும் தளதளவென்று நிற்கும். அதனால் ஓடுதண்டுக் கன்றுகளைப் பண்டாரவளையில் இருக்கும் அக்காவுக்கு ஈரக் கடதாசியில் சுற்றி அனுப்பிவிடுகிறேன். அங்கே அவை நன்றாகக் காய்க்கின்றன, தை பிறந்ததும் அக்கா அவற்றின் குட்டிகளிலேயே நல்ல கிரவுனாகப் பார்த்து எனக்குத் திருப்பி அனுப்புவார்.