டக்ஸ் பெயின்டா, கிம்ப்பா, கான்வாவா: தொடக்கப் பள்ளிக்கு எது?

தொடக்கப் பள்ளிக் கணினியில் படம் வரையவும் திருத்தவும் எதை ஏற்றுவது என்று பேச்சு வந்தால் நான்கு பெயர்கள் அடிபடும்: விண்டோஸோடு வரும் பெயின்ட், பிள்ளைகளுக்கென்றே செய்த டக்ஸ் பெயின்ட், படம் திருத்தும் கிம்ப், இணையத்தில் ஓடும் கான்வா. வசதிகளை எண்ணினால் கிம்ப் ஜெயிக்கும். முடிந்த படத்தின் அழகைப் பார்த்தால் கான்வா ஜெயிக்கும். ஆறிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு அளவுகோலும் உதவாது. ஒரு படத்துக்குள் பல முடிவுகள் இருக்கின்றன. அவற்றில் எத்தனையைப் பிள்ளை எடுத்தது, எத்தனையை மென்பொருள் எடுத்தது என்பதுதான் என் கணக்கு.

நான்கையும் ஒரே பயிற்சியில் வைத்துப் பார்ப்போம். பள்ளி வளாகத்து வேப்பமரத்தைப் பகலில் எடுத்த புகைப்படம் ஒன்றைக் கொடுத்து, "இதை ராத்திரியாக்கு" என்கிறோம்.

கான்வாவில் பிள்ளை முதலில் செய்வது தேடல். நிலா என்று தட்டினால் நிலாக்கள் வரிசையில் வந்து நிற்கும்; நட்சத்திரமும் ஆந்தையும் அப்படியே. எடுத்து ஒட்டினால் படம் பளிச்சென்று முடிந்துவிடும். முப்பது பிள்ளைகளின் முப்பது ராத்திரிகளும் கூடப் பிறந்தவை மாதிரி இருக்கும். வாங்கிய பொம்மைகளை வைத்துக் கொலு அடுக்குவது போன்ற வேலை இது. அடுக்குவதிலும் ரசனை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பொம்மை செய்யப் பழக வேண்டிய வயதில் அடுக்க மட்டும் பழக்குவானேன்? 2013-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய கான்வா, ஆசிரியர் என்று சரிபார்க்கப்பட்டவர்களுக்குக் கல்விப் பதிப்பை இலவசமாகத் தருகிறது. வகுப்பு இதழுக்கும் ஆண்டு விழா அழைப்பிதழுக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. இணையம் நின்றால் வகுப்பும் நிற்கும் என்பது தனிக் கதை.

பெயின்டில் இதற்கு நேர் எதிர். 1985-ல் விண்டோஸின் முதல் பதிப்போடு வந்தது. இன்றும் திறந்தவுடன் வெள்ளைத் தாள். யாரும் எதையும் நீட்டுவதில்லை என்பது நல்லதுதான். ஆனால் புகைப்படத்தை மங்கலாக்க வழியில்லாததால், கறுப்பைக் கொட்டி மரத்தையே மூடிவிடுவார்கள். விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினியென்றால் செய்ததை மூன்று தடவைக்கு மேல் பின்வாங்கவும் (அன்டூ) முடியாது. பயந்து பயந்து வரையும் பிள்ளையிடம் புதுமையை எப்படி எதிர்பார்ப்பது? விண்டோஸ் 11-ல் லேயர் வசதி, அதாவது கண்ணாடித் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் வசதி, வந்திருக்கிறது. கூடவே, வார்த்தையில் சொன்னால் தானே வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவும் வந்திருக்கிறது. தொடக்கப் பள்ளிக்குள் அது வேண்டாம் என்பேன்.

கிம்ப் 1996-ல் வெளிவந்த இலவச, கட்டற்ற மென்பொருள். ஐந்தாம் வகுப்பில் நல்ல துணை: வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்து நீலத்தைக் கருநீலமாக்கலாம், நிலாவைத் தனி லேயரில் வரைந்து நகர்த்திப் பார்க்கலாம். சிக்கல் சின்னச் சின்ன இடங்களில் வரும். கை தவறி டேப் விசையைத் தொட்டால் பக்கத்துப் பலகங்கள் மொத்தமும் மறையும், "டீச்சர், எல்லாம் போச்சு!" என்று குரல் கேட்கும். ஒரு மூலையில் ஏதோ தேர்வாகிக் கிடக்கும், அதற்கு வெளியே தூரிகையை எவ்வளவு இழுத்தாலும் நிறம் ஒட்டாது. சேமித்தால் எக்ஸ்.சி.எஃப். கோப்பு, சாதாரணப் படமாக வேண்டுமென்றால் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். நாற்பது நிமிட வகுப்பில் பாதி இதற்கே போகும்.

2002-ல் பில் கென்ட்ரிக் தொடங்கிய டக்ஸ் பெயின்டில்தான் இந்த ராத்திரிப் பயிற்சி சூடு பிடிக்கிறது. அதன் மேஜிக் கருவிகளில் ஒன்று, தேய்த்த இடத்தை இருட்டாக்கும். எங்கே தேய்ப்பது? வானம் முதலில் கறுக்குமா, மரத்தடியா? ஜன்னலில் விளக்கு எரிந்தால் அந்தச் சுவரை விட்டுவிட வேண்டுமே? பிள்ளை ராத்திரியை நினைத்துப் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. கிம்ப்பிலும் இப்படியொரு தூரிகை உண்டு. அதைக் கண்டுபிடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

இன்னும் சில. புல் கருவியால் படத்தின் கீழே தேய்த்தால் பெரிய புல்லும், மேலே போகப் போகச் சிறிய புல்லும் முளைக்கும். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும் என்பதை மூன்றாம் வகுப்பில் பாடம் நடத்தாமலே பேச ஆரம்பிக்கலாம். சேமிக்கும்போது கோப்புப் பெயர் கேட்பதில்லை. திறக்கும்போது வரைந்தவையெல்லாம் குட்டிப் படங்களாக நிற்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று பெரியவர்களுக்குப் புரிவதில்லை. தமிழ் இடைமுகமும் இருக்கிறது. கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்குத் தரும் லினக்ஸ் இயங்குதளத்திலேயே டக்ஸ் பெயின்ட் உண்டு.

குறையும் இருக்கிறது. எடுத்து ஒட்டத் தயாராக இருக்கும் முத்திரைப் படங்களைத் திறந்துவிட்டால் டக்ஸ் பெயின்டும் குட்டிக் கான்வா ஆகிவிடும். ஒரு மூலையில் இழுத்தால் நான்கு பக்கமும் பிரதிபலிக்கும் கலைடாஸ்கோப் கருவியைக் கண்டால் "கோலம் போடலாம்" என்று துள்ளுவார்கள். ஆனால் புள்ளி வைத்துக் கையால் கோலம் போடும்போது மறுபக்கத்தைக் கணக்குப் பண்ணுவது அவர்கள் மூளை, இங்கே கணினி. அதனால் கோலத்தைத் தாளில் போட்ட பிறகே இந்தக் கருவியைக் காட்டுவது நல்லது. ஐந்தாம் வகுப்பில் சிலர் "இது சின்னப் பசங்களுக்கு" என்று உதட்டைப் பிதுக்கவும் செய்வார்கள். அவர்களைத் தயங்காமல் கிம்ப்புக்கு அனுப்பலாம்.

நான்காம் வகுப்பு வரை டக்ஸ் பெயின்ட், ஐந்தில் கிம்ப், கான்வா ஆசிரியர் கையில் மட்டும் என்பது என் பரிந்துரை. டக்ஸ் பெயின்டை ஏற்றியவுடன் அதன் அமைப்பு நிரலைத் திறந்து மூன்று வேலை செய்துவிடுங்கள். முத்திரைகளை நிறுத்துங்கள். ஒலியை நிறுத்துங்கள், பத்துக் கணினி ஒரே நேரத்தில் சத்தம் போட்டால் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வரும். அச்சிடும் வசதியையும் முடக்கிவிடுங்கள். இருட்டாக்கிய ராத்திரிப் படம் ஒன்றை அச்சிட்டால் கறுப்பு மை எவ்வளவு போகும் என்று தலைமையாசிரியரைக் கேட்டால் சொல்வார்.