அம்மாவின் நாக்கு எரிச்சலுக்காகப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனது

டொராண்டோவிலிருந்து மூன்று வார விடுப்பில் கும்பகோணம் போயிருந்தேன். முதல் நாளே அம்மா சொன்னார்: "நாக்கு நுனி மிளகாயைக் கடிச்ச மாதிரி எரியுதுடா. வாயில ஒரு கசப்பு வேற." எட்டு மாதமாக இப்படித்தானாம். காலையில் லேசாக ஆரம்பித்து, பொழுது சாயும்போது தாங்க முடியாதாம். எதையாவது மென்றுகொண்டிருந்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும். போனில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

'உடம்புச் சூடு' என்று சித்தி மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடுத்திருக்கிறார். அம்மா போன கிளினிக்கிலோ டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "புண்ணே இல்லையே, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று பி காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் அம்மா யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

விசாரித்ததில், இதற்குப் போக வேண்டிய இடம் பல் மருத்துவக் கல்லூரியில் வாய் நோய்களைப் பார்க்கும் ஓரல் மெடிசின் பிரிவு என்று தெரிந்தது. "பல்லு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் அம்மா வந்தார். ஓபி சீட்டு போட்டு ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சரி, அது போகட்டும். உள்ளே இருந்த இளம் டாக்டர் அம்மா பேசி முடிக்கும்வரை குறுக்கிடவே இல்லை. பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தார், பிரஷர் மாத்திரையின் பெயர் கேட்டார். சர்க்கரை, இரும்புச்சத்து, பி12, தைராய்டு எல்லாவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார்.

எல்லாம் சரியாக இருந்தது. மறுமுறை போனபோது பஞ்சுக் குச்சியில் இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டு நாக்கில் வைத்தார். நுனியில் வைத்த இனிப்பு அம்மாவுக்குத் தெரியவே இல்லை.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். நாக்கின் முன்பகுதிச் சுவையைக் கொண்டுபோவது முக நரம்பின் ஒரு கிளை. அது நடுக்காது வழியாகப் போகிறது. சூடு, வலி, தொடுதல் எல்லாம் வேறொரு நரம்பின் வேலை. சுவை நரம்பு வலி நரம்பை அடக்கி வைக்கிறது; அது தளர்ந்தால் புண்ணே இல்லாமலும் எரிச்சல் வரலாம் என்பது ஒரு விளக்கம். இப்படிப்பட்டவர்களின் நாக்கில் மெல்லிய நரம்பு இழைகள் குறைந்திருப்பதையும் கண்டிருக்கிறார்களாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது.

நரம்பை அமைதிப்படுத்தும் குளோனசெபாம் மாத்திரையை விழுங்காமல், மூன்று நிமிடம் வாயில் அடக்கி எச்சிலோடு துப்பச் சொன்னார். சீட்டு இருந்தும் இரண்டு மெடிக்கலில் தரவில்லை. மூன்றாவது கடையில்தான் கிடைத்தது. டாக்டர் சொல்லாமல் யாரும் இதைத் தொட வேண்டாம்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் எரிச்சல் பாதியாவது குறைந்திருந்தது. அம்மா சித்தியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "நரம்பாம்டி. புண்ணு இல்லாமயும் எரியுமாம்."