தோட்டத்து விளக்கு: சோலாரா, 230 வோல்ட்டா, 12 வோல்ட்டா?

எங்கள் வீடு செங்கல்பட்டுப் பக்கம். பின்வாசலிலிருந்து மோட்டார் அறை வரை 20 மீட்டர் இருக்கும். நடுவில் ஒரு மாமரம், ஓரமாகச் செம்பருத்தி, கறிவேப்பிலை, அம்மாவின் மல்லிகைப் பந்தல். இருட்டிய பிறகு அம்மா மோட்டார் போடப் போனால், காலடியில் என்ன கிடக்கிறது என்று தெரிய வேண்டும். மழைக்காலத்தில் பாம்பு வரும் இடம். அதற்காகத்தான் விளக்கு, அழகெல்லாம் அப்புறம். ஆறு வருடத்தில் மூன்று வகையும் போட்டுப் பார்த்துவிட்டோம். இப்போது எரிவது 12 வோல்ட் எல்.இ.டி. இனி மாற்றுவதாக இல்லை.

முதலில் வாங்கியது மண்ணில் குத்தி வைக்கும் சோலார். வயர் வேண்டாம், கரண்ட் பில் ஏறாது. வாடகை வீட்டுக்கும் மொட்டைமாடித் தோட்டத்துக்கும் இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மாமர நிழலில் நின்ற நான்கும் எட்டு மணிக்கே மங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டால் மற்றவையும் அப்படித்தான். வெளிச்சம் அதிகம் வேண்டியிருப்பதே அந்த இரண்டு மாதம்தான். உள்ளே இருக்கும் 1.2 வோல்ட் பேட்டரி இரண்டாவது வருடமே சோர்ந்துவிட்டது. மாற்றலாம் என்றால், பாதி விளக்குகளில் மூடியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பேனல் தனியாக வரும் பெரிய வகை சித்தப்பா வீட்டில் நன்றாக எரிகிறது; அது மரமில்லாத திறந்த இடம், வாங்கியும் ஒரு வருடம்தான் ஆகிறது. அதை வைத்து நான் உறுதியாகச் சொல்ல முடியாது.

அடுத்து 230 வோல்ட். வெளிச்சத்துக்குக் குறையில்லை. ஆனால் ஒரு மழை இரவில், கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் டிரிப் ஆகி வீடு முழுக்க இருண்டது. மேலே தூக்கிவிட்டால் உடனே விழுகிறது. காலையில் செம்பருத்தி அடியில் தோண்டிப் பார்த்தோம். இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்திருந்தது. ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிட்டது. இல்லையென்றால் அந்த ஈர மண்ணில் அம்மா வெறுங்காலோடு நின்றிருப்பார். அதற்குப் பிறகு எனக்கு மனசு ஒப்பவில்லை.

தோட்டத்தில் எல்.இ.டி. பழுதாவது அபூர்வம். போவது பேட்டரி, இல்லையென்றால் ஜாயின்ட். அதனால் விளக்கு வாங்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பழுதானால் யார் சரி செய்வது? 230 வோல்ட் என்றால் எலக்ட்ரீஷியன் வரும்வரை காத்திருக்க வேண்டும். 12 வோல்ட் என்றால் நானே செய்துகொள்வேன். போன மாதம் வாழைக்கன்று வைக்கும்போது மண்வெட்டி பட்டு வயர் அறுந்தது. 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி தானாக நின்றுகொண்டது. சுவிட்சை அணைத்து, வயரைச் சீவி, ஜெல் நிரப்பிய கனெக்டரில் சேர்த்து மூட அரைமணி நேரம் ஆனது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 5 வாட் விளக்கு எட்டு, மொத்தம் 40 வாட். 230 வோல்ட்டில் 0.2 ஆம்பியர்கூட ஓடாது. 12 வோல்ட்டில் 3 ஆம்பியருக்கு மேல் ஓடும். இவ்வளவு கரண்ட் மெல்லிய வயரில் ஓடினால் வோல்ட்டேஜ் வழியிலேயே குறைந்துவிடும். நாங்கள் முதலில் 1 ஸ்கொயர் எம்.எம். வயர் போட்டுவிட்டோம். மோட்டார் அறைப் பக்கத்து விளக்குகள் மங்கின. கடைசி விளக்கில் மல்டிமீட்டர் 10.6 வோல்ட் காட்டியது. 2.5 வயருக்கு மாற்றிய பிறகு 11.4. செலவு கூடினாலும் வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். அதற்கு வரும் 230 வோல்ட் இணைப்பை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். தினம் ஐந்து மணி நேரம் எரித்தால் இரண்டு மாத பில்லில் 12 யூனிட்தான்.

வெள்ளை விளக்கைவிட 3000 கெல்வின் வாம் வொயிட், அதாவது இளமஞ்சள் வெளிச்சம், நல்லது. பூச்சி குறைவாக வருகிறது. ஈசல் காலத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். விளக்குக்குள் தூசியும் தண்ணீரும் எவ்வளவு புகாது என்பதைக் காட்டும் எண் ஐ.பி. தரையில் நிற்கும் விளக்குக்கு ஐ.பி.65 போதும் என்பார்கள். எங்கள் தோட்டத்தில் தண்ணீர் தேங்கும் மூலையில் அது போதவில்லை, ஐ.பி.67 வாங்கினோம்.

கேட் தூணில் மட்டும் பழைய 230 வோல்ட் விளக்கை விட்டிருக்கிறோம். எட்டடி உயரம், மேலே ஓடு இருக்கிறது, சாரல்கூடப் படாது.