என்100-ஆ, பழைய ஜியானா? வீட்டு சர்வருக்கு எத வாங்கலாம்

வீட்ல ஒரு சர்வர் (ஃபைல், படம்லாம் வெச்சு எல்லாருக்கும் குடுக்க எப்பவும் ஓடுற கம்ப்யூட்டர்) ஓட்டணும்னு கிளம்புறவங்கள்ல பாதிப் பேரு இந்த ரெண்டுல ஒண்ணுகிட்ட வந்து நிக்கிறாங்க. ஒண்ணு இன்டெல் என்100 பிராசஸர் போட்ட குட்டி மினி பிசி, இன்னொண்ணு டேட்டா சென்டர்ல ஓடி ரிட்டயர் ஆகி சல்லிசா கெடைக்கிற ஜியான் இ5-2680 வி4 (இன்டெல்லோட சர்வர் பிராசஸர்), கூட அத மாட்ட ஒரு எக்ஸ்99 மதர்போர்டு. ஸ்பெக்க மட்டும் பாத்தா போட்டியே இல்லன்னு தோணும். ஜியான்ல 14 கோர் (கணக்கு போடுற தனித்தனி மூளை), 28 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற வேல வரிசை), 35 எம்பி கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்கற வேக மெமரி). என்100-ல வெறும் 4 கோர், ஒரு கோர்ல ரெண்டு த்ரெட் ஓட்டற ஹைப்பர் த்ரெடிங்கும் கிடையாது, கேஷ் 6 எம்பி. அந்த 4 கோரும் லேப்டாப் பிராசஸர்ல சில்லறை வேலைக்குன்னு ஒதுக்கி வெச்சிருப்பாங்களே அந்த இ-கோர் தான், கிரேஸ்மான்ட்னு பேரு.

ஆனா ஜியான் வந்தது 2016, என்100 வந்தது 2023. நடுவுல 7 வருஷம். கிரேஸ்மான்ட் கோர இன்டெல்லோட பழைய ஸ்கைலேக் தலமுற கோரோட சரிசமமா வெச்சுதான் இன்டெல்லே 2021-ல பேசுச்சு, நம்ம ஜியான்ல இருக்கறதோ ஸ்கைலேக்குக்கு முந்தின பிராட்வெல். டர்போவும் (உச்ச வேகம்) என்100-ல 3.4, ஜியான்ல 3.3 கிகாஹெர்ட்ஸ். அதனால ஒரே ஒரு த்ரெட்ல ஓடுற வேலைல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வீட்டு சர்வர்ல நாம உக்காந்து காத்திருக்கற விஷயம் பெரும்பாலும் ஒத்த த்ரெட் வேலையாதான் இருக்கும், ஒரு வெப் பேஜ் தொறக்கறது, ஒரு டேட்டாபேஸ் கொயரி, ஒரு பைதான் ஸ்கிரிப்ட், இதுலல்லாம் 14 கோர் இருந்து என்ன பண்ண, 13 சும்மா தூங்கும்.

எல்லா கோரையும் ஒண்ணா முடுக்குற வேலைல கத வேற. லினக்ஸ் கெர்னல் கம்பைல் (சோர்ஸ் கோட்ல இருந்து ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையத்த கட்டறது), பெரிய வீடியோவ சாஃப்ட்வேர்ல என்கோட் பண்றது, பத்து பதினஞ்சு விஎம் (ஒரே மெஷினுக்குள்ள ஓடுற போலி கம்ப்யூட்டர்) ஒரே நேரத்துல, இங்க ஜியான் சுமார் மூணு மடங்கு வேகம். இதுல மறுப்பு சொல்ல ஒண்ணுமில்ல.

இப்ப கரன்ட் பில்லுக்கு வருவோம், எனக்கு இதுதான் முக்கியமான சங்கதி. என்100-க்கு 6 வாட், ஜியானுக்கு 120 வாட்னு பெட்டில போட்டிருக்கறத ரெண்டையுமே நம்பக்கூடாது. மினி பிசி விக்கிறவங்க பவர் லிமிட்ட தாராளமா ஏத்தி வெச்சிருப்பாங்க, முழு லோடுல செவுத்து பிளக்குல 20 வாட்டுக்கு மேல கூட இழுக்கும். ஆனா வீட்டு சர்வர் நாள்ல முக்கால்வாசி நேரம் சும்மாதான் கெடக்கும், அதனால பாக்க வேண்டியது ஐடில் பவர். மினி பிசி 8 வாட் வாக்குல நிக்கும். ஜியான் செட்டப்ல போர்டு, ரேம், ஒரு சின்ன கிராபிக்ஸ் கார்டு (உள்ளுக்குள்ள கிராபிக்ஸ் இல்லாததால அது வேற தனியா போடணும்) எல்லாம் சேந்து 70 வாட்னு வெச்சுக்கலாம். ரெண்டு மாசத்துக்கு 1440 மணி நேரம். மினி பிசிக்கு 12 யூனிட் கூட ஆகாது, ஜியானுக்கு 100 யூனிட். தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வீட்டுக்கு இலவசமா குடுக்கற அந்த 100 யூனிட்ட ஜியான் ஒரு வேலையும் செய்யாமலே காலி பண்ணிடும். ஏசி ஓடுற வீட்ல 500 யூனிட் கோட்ட தாண்டிட்டா கீழ் ஸ்லாப் ரேட்டும் சேந்து ஏறும், அப்ப இன்னும் வலிக்கும்.

"சீக்கிரம் முடிச்சுட்டு தூங்கிடுமே, மொத்தத்துல மிச்சம் தானே"ன்னு ஒரு வாதம் வரும். ஒரு கம்பைல் ஜியான்ல 10 நிமிஷம் 180 வாட்ல ஓடுதுன்னு வெச்சுக்குங்க, 30 வாட்-அவர். அதே வேல என்100-ல 30 நிமிஷம் 22 வாட்ல ஓடுனா 11 வாட்-அவர். மெதுவா செஞ்சும் கம்மியாதான் தின்னுது, 14 நானோமீட்டர் காலத்து சிப்புக்கும் இப்பத்ததுக்கும் உள்ள தூரம் அது.

அப்ப ஜியான தூக்கி போட்றலாமா? இல்ல, அதோட பலம் கோர்ல இல்ல, கோர சுத்தி இருக்கற சாமான்ல இருக்கு. மெமரி சேனல் (ரேமுக்கும் சிப்புக்கும் நடுவுல உள்ள பாதை) நாலு, டிடிஆர்4-2400 ரேம் போட்டா நொடிக்கு 76.8 ஜிபி. என்100-க்கு ஒரே சேனல், டிடிஆர்4-3200-ல 25.6, டிடிஆர்5-4800 போட்டாலும் 38.4 தான். இது எங்க தெரியும்னா லோக்கல்ல ஏஐ மாடல் ஓட்டும்போது. 4 ஜிபி சைஸ் மாடல்னா ஒவ்வொரு டோக்கனுக்கும் (மாடல் எழுதற ஒரு சொல் துண்டு) அந்த 4 ஜிபியயும் ஒரு தடவ படிச்சாகணும், அப்ப என்100 டிடிஆர்4-ல எவ்ளோ முக்குனாலும் நொடிக்கு 6 டோக்கன் தான் உச்சவரம்பு, ஜியானுக்கு 19. நிஜத்துல ரெண்டுமே இன்னும் கம்மியாதான் வரும், ஆனா விகிதம் இதான். அப்புறம் என்100-க்கு இன்டெல் சொல்ற ரேம் கணக்கு 16 ஜிபி, 32 போட்டு ஓட்டறவங்க நெறைய பேர் இருக்காங்கன்றது வேற. ஜியான்ல 128 ஜிபி இசிசி (தப்ப தானே திருத்திக்கற) ரேம் போடறது பெரிய விஷயமே இல்ல. பிசிஐஇ லேன் (கார்டு, டிஸ்க்கெல்லாம் சிப்போட பேசற பாதை) என்100-ல 9, ஜியான்ல 40. எட்டு ஹார்ட் டிஸ்க், 10 ஜிபிட் நெட்வொர்க் கார்டு, கூட ஒரு ஜிபியுன்னு மாட்டணும்னா மினி பிசில அதுக்கு எடமே இல்ல.

வீடியோன்னா பேச்சே வேணாம், என்100 தான். குயிக் சிங்க் (வீடியோ வேலைக்குன்னே சிப்புல இருக்கற தனி பகுதி) இருக்கறதால ஜெல்லிஃபின்ல (வீட்டு சர்வர்ல இருந்து படம் பாக்கற சாஃப்ட்வேர்) ரெண்டு மூணு பேர் ஒண்ணா படம் பாத்தாலும் சிபியு அசையாது, ஏவி1-ன்ற புது வீடியோ ஃபார்மட்ட டிகோட் பண்றதும் ஹார்ட்வேர்லயே ஆகும். ஜியான் அதையே முக்கி முனகி கோர் பலத்துல செய்யும், ஃபேன் சத்தம் தனி.

இன்னொரு வேடிக்க. 2024-ல இன்டெல் விட்ட ஜியான் 6 வரிசைல 6780இ-ன்னு ஒண்ணு, அதுல 144 கோர், அத்தனையும் இ-கோர், என்100 கோரோட அடுத்த தலமுற. 330 வாட்ட வகுத்து பாத்தா கோருக்கு 2.3 வாட். நம்ம 2680-ல கோருக்கு 8.6. சர்வர் காரங்களே குட்டி கோர் பக்கம் வந்தாச்சு, ஆனா மெமரி சேனல் எட்டு, லேன் 88-னு சுத்தியுள்ள சாமான மட்டும் விட்டுக்குடுக்கல பாருங்க.

ஆக ஃபைல், போட்டோ பேக்கப், படம், ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டு லைட், ஃபேன் கட்டுப்படுத்தற சாஃப்ட்வேர்), ஆட்-பிளாக்கர் இவ்ளோதான்னா என்100 வாங்கிட்டு நிம்மதியா இருங்க. 64 ஜிபிக்கு மேல ரேமோ நெறைய கார்டோ நிஜமாவே தேவன்னா மட்டும் ஜியான். அதுவும் நாள் முழுக்க ஓட விடாம வேணும்கறப்ப ஆன் பண்ற மாதிரி. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டவங்க ஆபீஸ்ல இருந்து கழிச்சு விக்கிற ஐ5-8500டி மினி பிசி ஒண்ண பாருங்க, 6 கோர், ரெண்டு ரேம் சேனல், 64 ஜிபி வர போடலாம், குயிக் சிங்க்கும் உண்டு, ஏவி1 மட்டும் கிடையாது. வாங்கும்போது சார்ஜர் கூட வருதான்னு கேட்டுக்குங்க, தனியா வாங்குனா அது ஒரு தண்டச் செலவு.