மேலே முழுப் பல்செட், கீழே பகுதிப் பல்செட்: என் 9 ஆண்டு அனுபவம்

பகுதிப் பல்செட் கட்டலாமா, முழுசாகக் கட்டிவிடலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, இரண்டு தாடைக்கும் சேர்த்து ஒரே முடிவை எடுக்காதீர்கள் என்பதுதான். எனக்கு இது புரிவதற்குள் மூன்று செட்டுகள் மாறிவிட்டன.

தொடக்கத்தில் என் மேல் தாடையில் ஐந்து பற்கள் மிச்சம் இருந்தன. ஈறு நோயால் அவையும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. இருக்கும் பல்லைப் பிடுங்க மனம் வராமல் பகுதிப் பல்செட் கட்டிக்கொண்டேன். இளஞ்சிவப்பு அக்ரிலிக் தகடு, இரண்டு பக்கமும் சொந்தப் பல்லைக் கவ்விப் பிடிக்கும் கம்பிக் கொக்கி. நன்றாகத்தான் பொருந்தியது. ஆனால் கொக்கி மாட்டிய இரண்டு பற்களும் மூன்று ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. தகட்டைத் தினமும் தேய்த்துக் கழுவிய நான், கொக்கி உட்காரும் இடத்தில் ஈறோரமாகப் பல்லைச் சுற்றித் தேய்க்கவில்லை. அங்கே படிவு சேர்ந்து சொத்தை விழுந்தது. ஏற்கெனவே தளர்ந்திருந்த பற்கள் மெல்லும் பாரத்தில் இன்னும் ஆடின. தாங்கும் பல் பலவீனமாக இருந்தால் பகுதிப் பல்செட் வேண்டாம் என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

பிறகு அந்த ஐந்தையும் எடுத்துவிட்டு, அன்றே மேலே முழுப் பல்செட் மாட்டினார்கள். ஆறே மாதத்தில் அது தளர்ந்தது. செட் சரியில்லையோ என்று பதறிப்போனேன். பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு முதல் ஆண்டில்தான் வேகமாகக் கரையுமாம்; தளர்வது இயல்பு. தகட்டின் உட்புறத்தில் புதிய அக்ரிலிக் சேர்த்து மறுபடி பொருத்தினார்கள். 'ரீலைன்' என்கிற இந்த வேலை வரும் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடும். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வதுபோல, எச்சிலின் மெல்லிய படலத்தில் அது பிடித்து நிற்கும். முதல் வாரம் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, குமட்டலும் இருந்தது. பேச்சில் என்னை மிகவும் படுத்தியது 'ழ'. நாக்கு மேலே வளைந்து போனால் பழகிய அண்ணம் அங்கே இல்லை, வழவழவென்று ஒரு தகடு இருக்கிறது. 'ட', 'ண' இரண்டும் மழுங்கின. காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம் செய்தித்தாளை உரக்கப் படித்தேன். மூன்று வாரத்தில் நாக்கு வழிக்கு வந்தது.

மேல் செட் பழகியதும், கீழேயும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தொல்லை ஒழியும் என்று டாக்டரிடம் சொன்னேன். கீழே ஆறு முன்பற்கள் உறுதியாக இருந்தன. அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். கீழ்த் தாடையில் மூடிப் பிடிக்க அண்ணம் கிடையாது. லாட வடிவத்தில் ஒடுங்கிய மேடு மட்டும்தான். உள்ளேயிருந்து நாக்கு தள்ளும், வெளியேயிருந்து கன்னமும் உதடும் தள்ளும். போதாததற்கு, பல் போனபின் கீழ்த் தாடை எலும்பு மேல் தாடையைவிட அதிகமாகத் தேயும். ஆகவே கோபால்ட்-குரோமியம் சட்டத்தில் பகுதிப் பல்செட் செய்துகொண்டேன். அக்ரிலிக்கைவிட மெல்லியது, உறுதியானது.

இதில் நான் செய்த பெரிய தவறு ஒன்று உண்டு. கடைவாயில் உறுத்துகிறது என்று கீழ் செட்டைப் பல மாதங்கள் மாட்டாமலே விட்டுவிட்டேன். முன்பற்களாலேயே மென்று பழகினேன். மெல்ல மெல்ல மேல் செட் ஆடத் தொடங்கியது. முன்னால் கடித்தால் பின்பக்கம் கழன்று இறங்கியது. விரலால் தொட்டுப் பார்த்தபோது மேல் ஈற்றின் முன்பகுதி கெட்டியாக இல்லை, மெத்தென்று அசைந்தது. கீழ் முன்பற்கள் ஓயாமல் ஒரே இடத்தில் இடித்ததால் அங்கே எலும்பு கரைந்துவிட்டிருந்தது. கரைந்த எலும்பு திரும்பி வராது. மேலே முழுசெட்டும் கீழே முன்பற்களும் இருப்பவர்கள், கீழ் கடைவாய்ப் பகுதிக்கான செட்டை அலட்சியம் செய்யவே கூடாது. உறுத்தினால் போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள். போவதற்கு முந்தைய நாள் செட்டை மாட்டியே இருங்கள். புண்ணின் தடம் ஈற்றில் தெரிந்தால்தான் எங்கே தேய்ப்பது என்று டாக்டருக்குத் தெரியும். வீட்டில் நீங்களே அரத்தால் தேய்க்க வேண்டாம்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கிறேன். கழற்றாமலே தூங்கினால் தகட்டுக்கு அடியில் பூஞ்சை வளர்ந்து அண்ணம் சிவந்துவிடும். கொதிநீர் பட்டால் அக்ரிலிக் நெளியும். பற்பசை அதைக் கீறும் என்பதால் மென்மையான சோப்பும் பிரஷும்தான். கழுவும்போது தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொள்கிறேன், கை நழுவினாலும் உடையாது.

இப்போது கீழே இடது கோரைப்பல் உடைந்துவிட்டது. வேர் உறுதியாக இருக்கிறது. அதைப் பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்து, ஈறு மட்டத்துக்குத் தேய்த்து மூடி, அதன்மேலேயே செட் உட்காரும்படி மாற்றலாம் என்கிறார் டாக்டர். வேர் உள்ளே இருக்கும்வரை சுற்றியுள்ள எலும்பு அவ்வளவு சீக்கிரம் கரையாதாம். இந்த முறை யோசிக்காமல் சரி என்றேன்.