ஸ்டாண்ட்-ஆன் புல்வெட்டியா, உட்கார்ந்து ஓட்டும் ஜீரோ டர்னா: ஹைட்ரோவைப் பார்த்து முடிவெடுங்கள்

புல் வெட்டுவதையே தொழிலாகச் செய்பவர்கள் அடுத்த மெஷின் வாங்கப் போகும்போது மூன்று வகைகளுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள். உட்கார்ந்து ஓட்டும், நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன், பின்பக்கப் பலகையில் ஏறி நின்று ஓட்டும் ஸ்டாண்ட்-ஆன், பின்னால் நடந்தபடி ஓட்டும் வாக்-பிஹைண்ட். நாங்கள் 52 அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் வெட்டுத் தட்டு) உள்ள ஸ்டாண்ட்-ஆனை எடுத்தோம். சிறிதும் பெரிதுமாகப் பல இடங்களுக்கு ஒரே நாளில் போய்வரும் வேலைக்கு இன்றைக்கும் அதையே சொல்வோம். அதன் ஹைட்ரோவை, அதாவது எஞ்சினின் வலுவை ஆயில் அழுத்தத்தால் சக்கரத்துக்குக் கடத்தும் பகுதியை, பராமரிப்பதில் ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. அதற்கு இணங்க முடியாதவர்கள் அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

வெட்டின் அழகில் இந்த மூன்றுக்கும் வேறுபாடு தேட வேண்டாம். ஒரே கம்பெனியின் மூன்று வகைகளிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி டெக், பிளேடைச் சுழற்றும் ஒரே ஸ்பிண்டில், ஒரே பிளேடுதான் இருக்கும். பிளேடு நுனியின் வேகத்துக்கு அமெரிக்கத் தரவிதி நிமிடத்துக்கு 19,000 அடி என்று உச்சவரம்பு வைத்திருப்பதால், தொழில்முறை மெஷின்கள் எல்லாம் அதற்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றன. புல்லின் நுனி கிழிந்து வெளுத்துப் போனால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள். எட்டுப் பத்து மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை தீட்டி, எடை சமன் பார்த்து மாட்டுங்கள். வேகத்தில் உட்கார்ந்து ஓட்டும் வகை முந்தும், மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேலும் போகும். ஸ்டாண்ட்-ஆன் 13 முதல் 16 வரை. ஆனால் அடர்ந்த புல்லில் எந்த மெஷினையும் அந்த வேகத்தில் ஓட்டி ஒழுங்கான வெட்டு வாங்க முடியாது.

எடையும் நீளமும் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். 52 அங்குல ஸ்டாண்ட்-ஆன் ஏறக்குறைய 400 முதல் 450 கிலோ இருக்கும். 60 அங்குல ஜீரோ டர்ன் சுலபமாக 550 கிலோவைத் தாண்டிவிடும். ஈரமான மண்ணில் டயர் தடம் பதிவதில் இந்த எடை வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சீட்டும் அதன் பின்னால் நீளும் எஞ்சினும் இல்லாததால் ஸ்டாண்ட்-ஆன் நீளத்திலும் குட்டை. டிரெய்லரில் மிச்சமாகும் இடத்தில் டிரிம்மரையும் ப்ளோயரையும் வைத்துக்கொள்ளலாம். குறுகிய கேட் உள்ள வீடுகளுக்கு 36 அங்குல டெக் போதும். அங்கே டெக்கின் அகலத்தோடு, வெட்டிய புல் வெளியேறும் பக்கச் சரிவுத்தட்டின் அகலத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள். மடக்கிய நிலையில் கேட்டுக்குள் நுழைகிறதா என்பதுதான் கணக்கு.

உடம்புக்கு எது நல்லது என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். கரடுமுரடான தரையில் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பில் நேராக ஏறும் குலுக்கலை, நிற்பவரின் முழங்காலும் கணுக்காலும் வாங்கிக்கொள்கின்றன. முதுகுவலிக்காரர்கள் ஸ்டாண்ட்-ஆனை விரும்புவது இதனால்தான். குதிகால் வலி உள்ளவர்களுக்கு இதே மெஷின் தண்டனை. பலகைக்கு அடியில் ஸ்பிரிங்கோ ரப்பரோ உள்ள மாடல்தான் வேண்டும். அது இல்லாததை எடுத்தால் மாலையில் கால் பேசும். நிற்பதில் கிடைக்கும் பெரிய ஆதாயம், நொடியில் இறங்கி ஏறலாம் என்பது. வழியில் கிடக்கும் பாட்டிலையோ கிளையையோ எடுத்துப் போட சீட் பெல்ட்டை அவிழ்க்க வேண்டியதில்லை. நின்றபடி பார்த்தால் டெக்கின் இரண்டு ஓரமும் தெரிவதால், பாத்தி ஓரமாக ஒட்டி வெட்டி, டிரிம்மர் வேலையையும் குறைத்துக்கொள்ளலாம்.

சரிவைப் பொறுத்தவரை பல கையேடுகள் 15 டிகிரியை எல்லையாகச் சொல்கின்றன. ஸ்டாண்ட்-ஆன் வைத்திருப்பவர்களும் அதைத் தாண்டக் கூடாது. உடம்பை மேட்டுப்பக்கம் சாய்த்து எடையை மாற்றலாம், ஆபத்தென்றால் மேட்டுப்பக்கமாகவே இறங்கிவிடலாம் என்ற நம்பிக்கை இதில் கிடைக்கிறது. அந்த நம்பிக்கையே சிலரை எல்லை தாண்ட வைக்கிறது. உட்கார்ந்து ஓட்டுவதில், மெஷின் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் உருளல் காப்புச் சட்டத்தை (சீட்டின் பின்னால் நிற்கும் இரும்பு வளைவு) நிமிர்த்தி, பெல்ட்டும் போட்டிருந்தால்தான் அது உயிரைக் காக்கும். தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் சட்டத்தை மடக்கினால் பெல்ட்டையும் அவிழ்த்துவிட வேண்டும். மரங்கள் நெருங்கிய இடத்தில் இந்த மடக்கலும் நிமிர்த்தலும் நாள் முழுக்க நடக்கும். ஸ்டாண்ட்-ஆனில் பின்பக்கம் எடை அதிகம் என்பதால், டிரெய்லரின் செங்குத்தான சாய்தளத்தில் ஏறும்போது முன்சக்கரம் தூக்கும். பலகையின் விளிம்பும் சாய்தளத்தின் அடியில் இடிக்கும். பலகையை மடக்கிவிட்டு, கையேடு சொல்லும் முறையில் ஏற்றுங்கள்.

வாக்-பிஹைண்டைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இருப்பதில் எடை குறைந்தது, பாகங்கள் எல்லாம் வெளியிலேயே தெரியும், சரிவில் ஆள் மெஷின் மேல் இல்லை. நடை மிச்சமாக வேண்டுமென்று பின்னால் சல்கி (ஆள் ஏறி நிற்கும் சின்னச் சக்கர வண்டி) மாட்டுகிறார்கள். மாட்டியதும் ரிவர்ஸ் எடுப்பது சிரமமாகிவிடும், சல்கி மடங்கித் திரும்பிக்கொள்ளும். சின்ன இடங்கள் மட்டும் இருப்பவருக்கு இதுவே போதும்.

இனி, முடிவைத் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருவோம். இந்த மெஷின்களில் எஞ்சினை விட முன்னால் சாவது ஹைட்ரோதான். கவாசாகி எஃப்எக்ஸ் வரிசை போன்ற எஞ்சின்களுக்கு முதல் எட்டு மணிநேரத்தில் ஒருமுறை, பிறகு 100 மணிநேரத்துக்கு ஒருமுறை ஆயில், 200 மணிநேரத்துக்கு ஒருமுறை ஃபில்டர் என்று மாற்றிவந்தால் வருடக்கணக்கில் தொந்தரவு இருக்காது. எஞ்சின் ஆயிலை எல்லோரும் மாற்றுகிறார்கள். ஹைட்ரோ ஆயிலை நினைப்பவர்கள் குறைவு.

ஹைட்ரோ இரண்டு விதமாக வரும். ஒன்றில் பம்பும் மோட்டாரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மற்றதில் பம்ப் தனி, சக்கர மோட்டார் தனி, நடுவில் அழுத்தக் குழாய்கள். முதல் விதத்தில் கசிய இடம் குறைவு. ஆனால் ஒரு பக்கத்துக்கு இருக்கும் ஆயிலே ஏறக்குறைய இரண்டு லிட்டர்தான். அந்த இரண்டு லிட்டர்தான் 400 கிலோ மெஷினையும் ஆளையும் மேட்டில் தள்ள வேண்டும். அதில் வீணாகும் வலு வெப்பமாக மாறி அந்த ஆயிலுக்குள் இறங்கும். அதை ஆற்றுவது பம்பின் தலையில் சுழலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் விசிறி மட்டுமே.

ஸ்டாண்ட்-ஆனின் பலவீனம் இங்கேதான். மெஷினைக் குட்டையாக்குவதற்காக எஞ்சின், பம்ப், பெல்ட் எல்லாவற்றையும் ஆளுக்கும் டெக்குக்கும் நடுவில் திணித்திருக்கிறார்கள். வெட்டிய புல்தூள் அந்த இடுக்கில் போய் அடையும், கசியும் ஆயில் துளியோடு சேர்ந்து மெத்தைபோலக் கெட்டியாகும். விசிறிக்குக் காற்று கிடைக்காது. ஆயில் சூடேறி நீர்த்துப்போகும், உள்கசிவு கூடும், தள்ளும் வலு குறையும். காலையில் நேராகப் போன மெஷின் மதியத்துக்குமேல் ஒரு பக்கம் இழுத்தால், மேட்டில் ஒரு சக்கரம் மட்டும் தளர்ந்தால், சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இரண்டு பின்டயர்களின் காற்றழுத்தம் சமமா என்பதை மட்டும் அதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

முதலில் சொன்ன நிபந்தனை இதுதான்: ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ப்ளோயரால் இரண்டு பம்பின் தலையையும் எஞ்சினின் காற்றுச் சல்லடையையும் ஊதிவிட வேண்டும். ப்ளோயர் கையில் இருக்கவே இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. அழுத்த நீரை அடிக்காதீர்கள். சூடான கூட்டின் மேல் நீர் பட்டால் சீல்களின் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும், ஸ்பிண்டில் பேரிங்குக்கும் அதே கதிதான். விசிறியின் இதழ் ஒன்று உடைந்திருந்தாலும் உடனே மாற்றுங்கள். விலை குறைந்த பாகம்தான், விட்டால் அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள பம்பைத் தின்றுவிடும்.

ஹைட்ரோ-கியர் என்ற கம்பெனியின் தயாரிப்பில் ஃபில்டர் வைத்த வகைகளுக்கு 75 முதல் 100 மணிநேரத்துக்குள் முதல் ஆயில் மாற்றம், பிறகு 400 மணிநேரத்துக்கு ஒருமுறை என்பது பொதுக்கணக்கு. முதல் மாற்றம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். புதிய பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்போது உதிரும் உலோகத்தூள் அத்தனையும் அந்த முதல் ஆயிலில்தான் மிதக்கும். பெரும்பாலும் 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில்தான் போடுவது, கையேட்டில் வேறு சொல்லியிருந்தால் அதுவே சரி.

வேலையைத் தொடங்கும் முன் கூட்டின் மேற்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். மூடியைத் திறக்கையில் ஒரு சிட்டிகை மண் விழுந்தாலும் அது நேராக வால்வுக்குப் போகும். முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஃபில்டரைக் கழற்றினால் ஆயில் வடியும். சில மாடல்களில் பின்சக்கரத்தைக் கழற்றினால்தான் அந்த இடத்துக்குக் கை போகும். புதிய ஃபில்டரை மாட்டி, கூட்டின் தலையில் உள்ள காற்று மூடியைத் தளர்த்திவிட்டு, ஹைட்ரோ ஆயில் தொட்டி வழியாக மெதுவாக ஊற்றுங்கள். மேல் துளையில் ஆயில் எட்டிப் பார்த்ததும் மூடியை இறுக்கி, தொட்டியில் குளிர்நிலைக் கோடு வரை நிரப்புங்கள்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாவிட்டால் பம்ப் ஊளையிடும், சக்கரம் விட்டுவிட்டுச் சுற்றும். சக்கரத்தைப் பம்பின் பிடியிலிருந்து விடுவிக்கும் பைபாஸ் வால்வைத் திறந்து, எஞ்சினை மெதுவேகத்தில் வைத்து, லீவரை முன்னும் பின்னுமாக ஐந்தாறு தடவை நகர்த்துங்கள். காற்று வெளியேற வெளியேற ஆயில் மட்டம் இறங்கும், நிறுத்திப் பார்த்து நிரப்புங்கள். பிறகு பைபாஸை மூடி அதையே திரும்பச் செய்யுங்கள். சத்தம் அடங்கி, சக்கரம் இரண்டு பக்கமும் ஒரே சீராகச் சுற்றும்வரை விடாதீர்கள். நின்றுபோன மெஷினைத் தள்ளும்போதும் பைபாஸைத் திறந்துவிட்டுத்தான் தள்ள வேண்டும்.

உட்கார்ந்து ஓட்டும் வகைக்கும் இதே ஆயில், இதே முறைதான். அங்கே சீட்டைத் தூக்கினால் பம்ப் பகுதி கண்ணுக்குத் தெரியும், இடுக்கும் குறைவு. ஒருநாள் ஊதாமல் விட்டாலும் அது பொறுத்துக்கொள்ளும், ஸ்டாண்ட்-ஆன் பொறுக்காது. மெஷினைத் தினமும் வேறு வேறு ஆட்கள் ஓட்டி, யாரும் பொறுப்பெடுக்காத இடம் என்றால் சீட் உள்ளதையே எடுங்கள். ஒரே ஆள் தன் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதென்றால் ஸ்டாண்ட்-ஆன் அவரை ஏமாற்றாது.

பம்ப் பெல்ட்டும் இந்தக் கணக்கில் வரும். பெரும்பாலான மெஷின்களில் அதன் புல்லி, பிளேடை ஓட்டும் மின் கிளட்சுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். பெல்ட்டை மாற்ற, முதலில் டெக் பெல்ட்டை எடுத்து, கிளட்ச் சுழலாமல் பிடிக்கும் தாங்கியை அவிழ்த்து, கிளட்சைச் சுற்றிப் பெல்ட்டை நழுவவிட வேண்டும். கிளட்ச் ஒயரையும் கழற்ற மறக்காதீர்கள், இழுபட்டால் அறுந்துவிடும். கை நுழைய இடமில்லாத ஸ்டாண்ட்-ஆனில் இதை வேலையிடத்தில் செய்வது கொடுமை. ஓரத்தில் நூல் பிரியத் தொடங்கியதுமே பட்டறையில் வைத்து மாற்றிவிடுங்கள். கிளட்சின் காற்று இடைவெளியைச் சரிசெய்யும் வகை என்றால், மூன்று துளைகளிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டருக்கு வையுங்கள். இடைவெளி அகன்றால், சூடான பிறகு கிளட்ச் பிடிக்காமல் போகும். அதைப் பார்த்து கிளட்சே போய்விட்டதென்று புதிது வாங்கியவர்கள் நிறையப் பேர்.

ஸ்டாண்ட்-ஆனுக்கே உரிய தொல்லை ஒன்று பாக்கி. பலகையில் ஆள் நிற்பதை உணரும் சுவிட்ச் தரைக்கு அருகில் இருப்பதால் ஈரமும் புல்லும் அதைத்தான் முதலில் பிடிக்கும். மேடுபள்ளத்தில் குதிக்கும்போது பிளேடு தானாக நின்றால் முதலில் கனெக்டரைக் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்து மின்காப்பு கிரீஸ் தடவினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் பலகையின் ரப்பரும் புஷ்ஷும் தேய்ந்து சுவிட்ச் முழுதாக அழுந்தாமல் இருக்கும். ஒயரை முறுக்கி சுவிட்சையே ஏமாற்றிவைக்கும் வழக்கத்தை யாரும் தொடரக் கூடாது. ஆள் தவறி விழுந்த பிறகும் பிளேடு சுற்றும் மெஷின் அது.

பரந்த சமதளத் திடல்கள் மட்டுமே வேலை என்றால் 60, 72 அங்குல ஜீரோ டர்ன்தான் சரி, அங்கே நிற்பதில் ஆதாயமில்லை. பேட்டரி ஸ்டாண்ட்-ஆன்களைப் பற்றி ஒப்பிட்டுச் சொல்லும் அளவுக்கு எங்களுக்கு நீண்ட அனுபவம் இல்லை.

பழையது வாங்குவதாக இருந்தால் மணிநேர மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். குளிர்ந்த மெஷினில் தேய்ந்த பம்பும் நன்றாகவே தள்ளும். அரைமணி நேரம் புல் வெட்டி நன்கு சூடாக்கிவிட்டு, 15 டிகிரிக்கு உட்பட்ட ஒரு சரிவில் முன்பக்கமாக ஏற்றி, நடுவில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும். பிறகு தொட்டி மூடியைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, கருகிய வாடை வந்தால் பலநாள் சூட்டில் ஓடியிருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் ஒரு ஜோடி ஹைட்ரோவின் விலையைக் கழித்துவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும்.